எம்.எல்.ஏ. அம்மாவுக்குப் பாராட்டு விழாவா? முதலில் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

இனி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று நீலகிரி மலையில் ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினர் சொல்லிவிட்டால், மறுவாரமே விழாக்குழு கூடிவிடும். மண்டபம், மைக் செட், பொன்னாடை, சாப்பாடு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிவாகும். பாராட்டு மடல் என்று வரும்போதுதான் "யாராவது தமிழாசிரியரைப் பிடி" என்பார்கள். அவரும் "தாயுள்ளமே, மலைமகளே" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பார். பெயரை மாற்றினால் எந்தத் தொகுதிக்கும் பொருந்தும். ஆண் எம்.எல்.ஏ. என்றால் பாலம் கட்டினார், பெண் என்றால் பாசம் காட்டினார் என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த அம்மாவும் பாலம்தான் கட்டியிருப்பார்.

அதனால் மடலை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பேரவையில் அவர் பேசியது நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கும். பேரவையின் இணையதளத்தில் தேடலாம். நீலகிரிக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தேயிலை பற்றிய பேச்சு என்றதும் வேளாண் மானியக் கோரிக்கையை (அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதத்தை) மட்டும் புரட்டிவிட்டு, "ஒன்றுமே பேசவில்லையே" என்று மூடிவிடுவார்கள். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ வனத்துறையின் கீழ் வருகிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ், சிறு குறு தொழில் துறையின் கீழ் வருகிறது. பசுந்தேயிலை விலைக்காக அவர் குரல் கொடுத்தது அந்தத் துறைகளின் விவாதத்தில்தான் கிடைக்கும். கேள்வி, கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கைப் பேச்சு மூன்றையும் தேதியோடு தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. எந்த ஆண்டு, எந்தப் பணி, எவ்வளவு மதிப்பீடு என்ற பட்டியல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். வாய்மொழியாகக் கேட்டு அலைவதை விட, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். பதிலுக்கு 30 நாள் என்பது சட்டம். நடைமுறையில் இன்னும் பத்து நாள் சேர்த்துக்கொள்வது நல்லது.

பட்டியல் வந்தபிறகு ஒரு நாள் ஜீப் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மலையில் ஒரு தடுப்புச்சுவர் என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்துடையதாகவும் இருக்கலாம். சுவர் ஓரத்துப் பெயர்ப்பலகையில் நிதியின் பெயர், மதிப்பீடு, ஆண்டு மூன்றும் இருக்கும். பாசி பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஒன்றியம் கட்டிய சுவரை இவர் கணக்கில் எழுதினால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஒன்றியத் தலைவர் முகம் அங்கேயே சுருங்கும்.

முடியாத வேலையை முடிந்ததாக எழுதக் கூடாது. கூடலூர்ப் பக்கம் இது ரொம்ப முக்கியம். 1969 ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலம் என்றால், கூட்டத்தில் பாதிப் பேர் பட்டா இல்லாமல் தவிப்பவர்கள். "பட்டாப் பிரச்சினையைத் தீர்த்தவர்" என்று படித்தால் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். "பேரவையில் இத்தனை முறை எழுப்பினார்" என்று தேதியோடு படித்தால் கைதட்டல் வரும்.

"முதல்" என்ற சொல்லிலும் கை சுடும். நீலகிரியிலிருந்து மக்கள் பிரதிநிதியான முதல் பெண் என்று யாரையாவது எழுதுமுன் அக்கம்மா தேவியை நினைத்துக்கொள்ளுங்கள். படுகர் சமூகப் பெண்களில் முதல் பட்டதாரியான அவர் 1962லேயே நீலகிரியின் எம்.பி.யாக டெல்லி போய்விட்டார்.

தேதி விஷயம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி; அரசு மண்டபமும் அதிகாரிகளும் கிடைக்கமாட்டார்கள். முடிவு வந்தபிறகு வைத்துக்கொள்வதே நிம்மதி. தோட்டத்துப் பெண்கள் வரவேண்டுமென்றால் ஞாயிறு காலை 11 மணி. மாலையில் வைத்தால் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஏற்புரைக்கு முன்பே பாதிக் கூட்டம் எழுந்துவிடும். ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு சாவு விழுந்தால் சுற்று வட்டாரமே அங்கே போய்விடும். அதற்கு மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால், பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்தும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச்சாவடி தாண்டாது.

பொன்னாடை வரிசை விழாவைக் கொன்றுவிடும். 60 பேர், ஆளுக்கு போட்டோவோடு 40 வினாடி என்றால் 40 நிமிடம். குழுவின் சார்பில் ஒரே ஒரு போர்வை போதும், அது நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரியாக இருக்கட்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் எதுவும் இல்லாமல் இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடுகிற வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மடலோடு சேர்த்தே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். மெஷின் தையலும் அச்சுத்துணியும் அந்தப் பெயரிலேயே கடையில் தொங்குகின்றன. திருப்பிப் பாருங்கள்: கை வேலையில் பின்பக்கமும் கோலம் ஒழுங்காகத் தெரியும், மெஷின் வேலையில் நூல் அடர்ந்து கிடக்கும், அச்சில் வெளிறியிருக்கும். மற்றவர்கள் கொண்டுவருவதைக் கம்பளியாகக் கொண்டுவரச் சொன்னால், மறுநாளே ஏதாவது முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேரும்.

மடல் ஒரு பக்கம் போதும், வாசிக்க இரண்டு நிமிடம். பணிப் பட்டியலைத் தனித்தாளில் இணையுங்கள். ஃப்ரேம் போடுகிறவரிடம் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஊட்டி ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டி, இரண்டே மழைக்காலத்தில் எழுத்து பூஞ்சணம் பூத்துவிடும். பின்பக்கம் ப்ளைவுட் உப்பும். அலுமினியச் சட்டம் போட்டு ஓரத்தை டேப்பால் அடைத்து வாங்குங்கள்.