கொம்பு இடம் மாறினால் பாடமே மாறும்: தமிழ்ப் பாடக்குறிப்பும் ஸ்கிரீன் ரீடரும்

இணையவழிப் பாடங்களை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஏற்றபடி செய்வது என்றதும் எல்லோரும் படத்துக்கு விளக்கம், வீடியோவுக்கு வசனவரி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவைதான். ஆனால் தமிழில் பாடக்குறிப்பு போடுகிறவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எழுத்தை. பார்வையற்ற மாணவர் பாடத்தைக் கேட்பது, திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் வழியாக. எழுத்தே சரியில்லாத கோப்பில் மற்ற திருத்தங்கள் செய்து பயனில்லை.

ஒரு சின்ன சோதனை. உங்கள் பிடிஎஃப்பில் இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று, அப்படியே தமிழ் வரும். நல்லது, மேலே போகலாம்.

இரண்டு, ஆங்கில எழுத்துக் குப்பை வரும். குறிப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது என்று அர்த்தம். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு என்ற முகமூடி கண்ணுக்கு மட்டும்தான். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தைத்தான் உச்சரிக்கப் பார்க்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்; ஆனாலும் பழைய குறிப்பையே ஆண்டு மாற்றி மறுபடி ஏற்றும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

இதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் மென்பொருள், அதாவது ‘மாற்றி’, இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் இரண்டும் போதும். எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினிக்கான மாற்றியில் வானவில்லைப் போட்டால் வேறொரு குப்பை கிடைக்கும். இன்னொரு பொறி, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். டைம்ஸ் நியூ ரோமனில் இருந்த ‘டிஎன்ஏ’வையும் சேர்த்துத் தமிழாக்கி உளறிவைக்கும். ஆகவே மாற்றும் முன் வேர்டின் தேடல் பெட்டியில் சொல் எதுவும் தராமல், எழுத்துருவை மட்டும் டைம்ஸ் நியூ ரோமன் என்று கொடுத்துத் தேடுங்கள். அந்த எழுத்துருவில் இருப்பதெல்லாம் ஒரே தடவையில் தேர்வாகும். அதை வேறு கோப்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, மாற்றி முடித்ததும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

மூன்றாவதுதான் வில்லங்கம். தமிழ் வரும், ஆனால் ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று வரும். யூனிகோடில் ‘கொ’ என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி (ொ). பிடிஎஃப்போ பக்கத்தில் வரைந்த வரிசையை வைத்துக்கொள்கிறது: முதலில் கொம்பு (ெ), பிறகு க, பிறகு கால் (ா). திரையில் துல்லியமாக இருக்கும். காதில் விழுவது வேறு. இதைப் பிடிஎஃப்புக்குள் சரிசெய்ய முயல்வது வீண்வேலை. மூல வேர்டு கோப்பைக் கொடுங்கள், அல்லது பாடத்தைத் தளத்திலேயே இணையப் பக்கமாகப் போடுங்கள். பிடிஎஃப் வேண்டுகிறவர்களுக்கு அது கூடுதலாக இருக்கட்டும். அதையும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாக எடுக்காதீர்கள்; தலைப்பு, அட்டவணை அமைப்பெல்லாம் அதில் காணாமல் போகும். ‘சேவ் ஆஸ்’ வழியாகவே எடுங்கள்.

மூலக் கோப்பு இல்லை, ஸ்கேன் மட்டும்தான் என்றால், கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வரும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் பத்திகளைத் தனித்தனியாக வெட்டி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வரிகள் கலந்துவிடும். திருத்தும்போது காலையும் (ா) ரகரத்தையும் (ர) கவனியுங்கள், ஒன்று மற்றொன்றாக மாறியிருக்கலாம். ஔவையையும்தான். ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டினால் கண்ணுக்கு ‘ஔ’ போலவே தெரியும். ஸ்கிரீன் ரீடர் ‘ஒளவை’ என்று ளகரத்தோடு படிக்கும். தேடலிலும் அகப்படாது.

எழுத்து சரியானபின் அமைப்பு. தலைப்பைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பாகிவிடாது. வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணிகளைப் போடுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையை அழுத்தி மாணவர் தலைப்புக்குத் தலைப்பு தாவுவது இவற்றை வைத்துத்தான். பாணி போடாத 40 பக்கக் குறிப்பை அவர் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். அட்டவணையில் கட்டங்களை ஒன்றுசேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணைப் படத்தை அப்படியே ஒட்டவே ஒட்டாதீர்கள்.

பட விளக்கத்தில் ‘வரைபடம்’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். பொருளியல் பாடம் என்றால், ‘விலை ஏறும்போது தேவைக் கோடு இறங்குகிறது, அளிப்புக் கோடு ஏறுகிறது, 40 ரூபாய், 120 கிலோவில் இரண்டும் வெட்டுகின்றன’ என்று இருக்க வேண்டும். தேர்வில் கேட்கப்போவது அதைத்தானே.

வீடியோ வசனவரிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: வசனவரி இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது ‘என்கோடிங்’ யுடிஎஃப்-8 என்று பார்த்துச் சேமியுங்கள். ஆன்சி என்று போனால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

கடைசியாக நீங்களே கேட்டுப் பாருங்கள். என்விடிஏ இலவசம். நிறுவியதும் அதிலேயே வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுக் கருவியைத் தேர்ந்து, குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த குரலை வைத்துக்கொண்டு கேட்டால் தமிழை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் படிக்கும். கோப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள். ஈஸ்பீக் தமிழ் கொஞ்சம் தகரக் குரல்தான். சோதிக்க அது போதும். திரையைப் பார்க்காமல் இரண்டு பக்கம் கேளுங்கள். ‘ஸ்பீச் வியூவர்’ திறந்து வைத்தால் அது பேசியதெல்லாம் எழுத்திலும் கிடைக்கும், இடறிய இடத்தைப் பிடிக்கலாம்.

பாடநூலை இப்படி மாற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமே என்று தயங்குகிறவர்கள் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தைப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக, லாப நோக்கமின்றி, ஆக்கச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, தனிநபரோ அவர்கள் நலனுக்காக இயங்கும் நிறுவனமோ ஏற்ற வடிவில் மாற்றித்தர அது அனுமதிக்கிறது. பிரதி வணிகச் சந்தைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாற்றித்தரும் நிறுவனத்துடையது. ஆகவே அந்தக் கோப்பைப் பொதுத் தளத்தில் போடாமல், கடவுச்சொல் உள்ள வகுப்புப் பக்கத்தில் வையுங்கள்.