எட்டாம் இடத்துப் புரோலின்

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் நல்ல பாம்பு தீண்டிய என் பெரியப்பா விஷமுறிவு மருந்தால் உயிர் பிழைத்தார். ஆனால் கடிவாயைச் சுற்றிச் சதை அழுகிய புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. "விஷம் இறங்கிடுச்சுன்றாங்க, இது மட்டும் ஏன் ஆறலம்மா?" என்று அவர் கேட்டதை நான் மறக்கவில்லை, புதுச்சேரியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது நாக விஷத்தில் உள்ள, செல்களைக் கொல்லும் செல்நச்சுப் புரதங்களையே எடுத்துக்கொண்டேன்.

சதையழிவில் பங்குள்ள இப்புரதங்கள் ஏறத்தாழ 60 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலிகள். நான்கு டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள் அடிப்பகுதியை இறுக்கிக் கட்டியிருக்க, மூன்று வளையங்கள் விரல்களைப் போல நீண்டிருக்கும். நீரோடு ஒட்டாத விரல் நுனிகளே செல் சவ்வில் புதைகின்றன.

இவ்வளவு சிறிய புரதத்தின் வடிவத்தை அறிய, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளை நிறமாலையாகப் பதியும் என்.எம்.ஆர். முறை மிகவும் பொருத்தமானது. படிகம் வளர்க்கத் தேவையில்லை; 5 மி.மீ. கண்ணாடிக் குழாயில் அரை மில்லி கரைசல் போதும். சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவுக்குள் இருக்கும் இரு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், நிறமாலையில் ஒரு புள்ளியாக வெளிப்படும். அதன் வலிமை தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், தொலைவு இரட்டித்தால் வலிமை 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இப்படிக் கிடைக்கும் நூற்றுக்கணக்கான தொலைவுகளிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கிய கர்ட் வூத்ரிச், 2002-இல் வேதியியல் நோபல் பரிசின் பாதியைப் பெற்றார்.

என் முதல் நிறமாலையில் பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. புரதம் கெட்டுவிட்டதென்று இரண்டு வாரம் சுத்திகரிப்பைச் சந்தேகித்தேன். குற்றம் என்னுடையது: பி.எச். 8-இல், அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்புகளின் நைட்ரஜனில் உள்ள அமைடு புரோட்டான்கள் நீருடன் விரைந்து இடம் மாறிக்கொள்வதால் மறைந்துபோகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5-க்கு இறக்கியதும் திரும்பி வந்தன.

இத்துறையில் என்னை அதிகம் கவர்ந்தது காஸ்பியன் நாகத்தின் இரண்டாம் செல்நச்சு. அதன் சங்கிலியில் ஏழாவதாக வேலின், எட்டாவதாகப் புரோலின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. வேலினின் ஆல்பா புரோட்டான் புரோலினின் டெல்டா புரோட்டான்களோடு புள்ளி தந்தால் (ஆல்பா, டெல்டா என்பவை புரோட்டான் எந்தக் கார்பனில் உள்ளது என்பதைக் குறிக்கும்) இரண்டையும் இணைக்கும் பிணைப்பு டிரான்ஸ், அதாவது சங்கிலி எதிரெதிர்ப் பக்கங்களில் நீள்கிறது; புரோலினின் ஆல்பாவோடு தந்தால் சிஸ், அதாவது ஒரே பக்கமாக மடிகிறது. நீர்க்கரைசலில் இரு வடிவங்களும் உள்ளன, பெரும்பான்மை டிரான்ஸ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மிக மெதுவாக நடப்பதால் இரண்டும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. சிறுபான்மையின் மங்கலான புள்ளிகளை மாசு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த ஏழும் எட்டும் இருப்பது முதல் விரலின் நுனியில், சவ்வைத் தொடும் இடத்திலேயே.