இருட்டுக் கட்டத்தைக் கேட்டுப் பார்த்தேன்

இரண்டு நாளாக ஒரே புதிரில் மாட்டிக்கொண்டிருந்தேன். 14க்கு 14 கட்டம், அகாரி. நேற்று ராத்திரி தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்பதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருக்கிறது.

அகாரி என்றால் ஜப்பானிய மொழியில் வெளிச்சம். சுடோக்குவுக்கு அந்தப் பெயரை வைத்த நிகோலி என்ற ஜப்பானியப் புதிர் நிறுவனத்தின் புதிர்தான் இதுவும். சைமன் டாத்தம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் புதிர்த் தொகுப்பில் இது ‘லைட் அப்’ என்ற பெயரில் இருக்கிறது, நான் ஆடுவது அங்கேதான்.

விதிகள் கொஞ்சம்தான். வெள்ளைக் கட்டங்களில் பல்பு வைக்க வேண்டும். பல்பின் வெளிச்சம் மேலே, கீழே, இடம், வலம் என்று நேராகப் போய்க் கறுப்புக் கட்டத்தில் முட்டி நின்றுவிடும். வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட இருட்டாக இருக்கக் கூடாது, ஆனால் ஒரு பல்பின் வெளிச்சம் இன்னொரு பல்பின் மேல் விழவும் கூடாது. கறுப்புக் கட்டத்தில் எண் இருந்தால், அதன் நான்கு பக்கங்களிலும் சேர்த்து அத்தனை பல்புதான். எண் இல்லாத கறுப்பு வெறும் சுவர், அதை ஒட்டி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

4 இருந்தால் நான்கு பக்கமும் பல்பு, 0 இருந்தால் ஒன்றும் கிடையாது, ஓரத்தில் 3, மூலையில் 2, இதெல்லாம் பார்த்த உடனே முடிந்துவிடும். அதற்கு அடுத்த படியில்தான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வந்தது. நடுவில் ஒரு 3 இருக்கிறது என்று வையுங்கள். அதன் மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு கட்டங்களிலும் பல்பு வரவே முடியாது. ஏனென்றால் அங்கே ஒன்றை வைத்தால் 3-இன் இரண்டு பக்கங்களில் வெளிச்சம் விழுந்துவிடும், மிச்சம் இரண்டு பக்கம்தான், மூன்று பல்புக்கு இடம் ஏது?

இன்னும் அழகானது, 3-உம் 1-உம் மூலையோடு மூலை ஒட்டி நிற்பது. இரண்டுக்கும் பொதுவாக இரண்டு கட்டங்கள் உண்டு. 3-க்கு நான்கில் மூன்று வேண்டும் என்பதால் அந்தப் பொதுக் கட்டங்களில் குறைந்தது ஒரு பல்பு இருந்தே ஆகவேண்டும், 1 இருப்பதால் ஒன்றுக்கு மேலும் கூடாது. அப்போ 3-இன் மற்ற இரண்டு பக்கத்திலும் பல்பு உறுதி, 1-இன் மற்ற இரண்டு பக்கத்திலும் இல்லை என்பது உறுதி. பொதுவான இரண்டில் எது என்று இன்னும் தெரியாமலேயே நான்கு கட்டங்கள் தெளிவாகிவிட்டன! முதல் தடவை இதை நானே கண்டுபிடித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சரி, நேற்றைய புதிருக்கு வருகிறேன். எண்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டன, பாதிப் பலகை இன்னும் இருட்டு. பல்பை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்றே தேடிக்கொண்டிருந்தேன், இரண்டு நாளும் அதுதான் நடந்தது. வலது க்ளிக் செய்தால் ‘இங்கே பல்பு இல்லை’ என்று ஒரு புள்ளி வைக்கலாம், அதைச் சோம்பேறித்தனத்தில் பாதி இடங்களில் வைக்காமல் விட்டிருந்தேன். நேற்று முதல் வேலையாக எல்லாப் புள்ளிகளையும் வைத்து முடித்தேன். அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: ஒவ்வொரு இருட்டுக் கட்டத்திடமும் போய், உனக்கு யார் வெளிச்சம் தர முடியும்?

வலது கீழ்ப்பக்கம் ஒரு கட்டம் பதில் சொன்னது. அதற்கு இடது பக்கம் 0, அதனால் அந்தக் கட்டத்திலேயே பல்பு வைக்க முடியாது. மேலே சுவர். வலது பக்கம் இரண்டு கட்டம், ஒன்றில் ஏற்கெனவே வெளிச்சம், இன்னொன்று ஒரு 3-இன் மூலையில் இருப்பதால் புள்ளி. கீழே மூன்று கட்டம், இரண்டின் மேல் வேறு பல்புகளின் வெளிச்சம் குறுக்கே போகிறது. மிச்சம் ஒன்றே ஒன்று. அங்கே பல்பு வைத்ததும் அந்த வரிசை முழுக்க மஞ்சளாகி, தூரத்தில் இருந்த ஒரு 2-இன் பக்கத்துக் கட்டத்தையும் தொட்டது. அந்த 2-க்கு மூன்று இடம் இருந்தது இரண்டாகிவிட்டது, அதனால் இரண்டிலும் பல்பு. அதற்குப் பிறகு கைதான் வேகமாக ஓடியது.

யூகித்து வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். மனதுக்குள் ஒரு பல்பை வைத்து, இரண்டு மூன்று அடி போய் முரண்பாடு வருகிறதா என்று பார்ப்பது நியாயமான வழி, அதுவும் தர்க்கம்தான். கண்ட இடத்தில் க்ளிக் செய்து, பல்பு சிவப்பாகிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது, தீர்ந்தாலும் ஏன் தீர்ந்தது என்று தெரியாமல் போய்விடும். அகாரி ‘என்பி-கம்ப்ளீட்’ வகை என்று பிராண்டன் மெக்ஃபெயில் 2005இல் நிரூபித்திருக்கிறார். பலகை எவ்வளவு பெரிதானாலும் எல்லாவற்றையும் சட்டென்று தீர்த்துத் தரும் பொதுவான வழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். அதனால்தான் ஒவ்வொரு பலகையும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது.

இன்று காலை அடுத்த 14க்கு 14-ஐத் திறந்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் 0-வைப் பார்த்ததுமே நான்கு புள்ளியையும் வைத்துவிட்டேன்.