காரைக்குடி வெயிலில் பெட்ரோலுக்குச் சூடு

காரைக்குடிச் சித்திரை வெயிலில் பெட்ரோலைச் சூடாக்க ஒரு சாமான் தேவையா என்று கேட்டால் எங்கள் பெரியப்பச்சிக்குக் கோபம் வந்துவிடும். அவருடைய 1950 செவர்லே லாரியில் அது இருக்கிறது, பெயர் ஹீட் ரைசர். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் ஒரு தகடு, வெளியே சுருள் ஸ்பிரிங், ஒரு எடைக்கட்டி, அவ்வளவுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தகடு புகையை மேலே திருப்பி, கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற இன்டேக் மேனிஃபோல்டைச் சூடாக்கும், சூடு ஏறியதும் ஸ்பிரிங் தளர்ந்து புகை நேரே சைலன்சருக்குப் போய்விடும். பனி கொட்டுகிற ஊருக்குச் சரி. இங்கே அது சூடாக்கும் வாக்கிலேயே துருப்பிடித்து இறுகிக்கொண்டதால், தேவகோட்டை ரஸ்தா தாண்டுவதற்குள் பெட்ரோல் கொதித்து வண்டி நிற்கும், நான் இறங்கி பம்பில் ஈரத்துணி சுற்றுவேன். போதாததற்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் விரிசல். நாங்கள் வருவது முக்கு திரும்புமுன்பே வீட்டுக்குக் கேட்கும்.

"தகட்டைத் திறந்தபடி வெல்டு வச்சு விட்டுடலாம் ஐயா, இந்த ஊருக்கு எதுக்கு இது" என்றார் மெக்கானிக் பாய். நியாயமான பேச்சு. பெரியப்பச்சி கேட்கவில்லை. "கம்பெனிக்காரன் வச்சதை எடுக்க நாம யாரு பாய்?" அப்புறமென்ன, அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணனின் பெட்டியில் மாற்று மேனிஃபோல்டு வந்து இறங்கியது. "புள்ளைக்கு ஒரு மிட்டாய் இல்ல, இதைத் தூக்கிட்டு வந்திருக்கான்" என்று அப்பத்தா இரண்டு நாள் பேசவில்லை.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் இன்ஜினில் பதித்த ஒரே திருகுக் கம்பிகள், அதாவது ஸ்டட்டுகள்தான் பிடித்திருக்கின்றன, கழற்றினால் இரண்டும் வர வேண்டும். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியும் ஒரு ஸ்டட் உள்ளேயே முறிந்தது. பாய் அலட்டிக்கொள்ளாமல் முறிந்த தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்து, சூட்டோடு சூடாகத் திருகி எடுத்தார். மாட்டும்போது இரண்டு மேனிஃபோல்டையும் இணைக்கிற போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முதலில் இன்ஜின் ஹெட்டில் இறுக்கி, கடைசியில்தான் அவற்றை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேனிஃபோல்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது உடையும். இதைப் பெரியப்பச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்திலிருந்து வாசித்து முடிக்கும்போது பாய் வேலையை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வண்டி நிற்காமல் ஓடுகிறது. விரிசல் விட்ட பழைய மேனிஃபோல்டு முகப்பில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"என்ன விலை ஆச்சி? ஜோடி இருக்கா?"

அப்பத்தா விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.