வெள்ளைக் கல்லும் மச்சானும்

தீபாவளிக்கு மலேசியாவில் ஜொகூர் பாருவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனால், முறுக்குத் தட்டு பாதி காலியாவதற்குள் பேச்சு, சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கொண்டாடிய பாறைத் தீவான பத்து பூத்தேவுக்கு வந்துவிடும். பத்துமலையில் இருக்கும் அதே ‘பத்து’தான், மலாயில் கல். வெள்ளைக் கல். சிங்கப்பூர்க்காரர்களான நாங்கள் போர்த்துகீசியப் பெயரில் பெட்ரா பிராங்கா என்கிறோம். அதற்கும் வெள்ளைக் கல் என்றுதான் பொருள். அந்த வெள்ளை, கடற்பறவைகளின் எச்சம். இதற்காகவா 28 வருஷம் மல்லுக்கட்டினீர்கள் என்று என் மகள் சிரிக்கிறாள்.

ஒருமுறை அதைக் கடலிலிருந்து பார்த்திருக்கிறேன். குவாந்தானுக்குப் பார்ஜ் இழுத்துப் போன டக்போட்டில் வேலை பார்த்த காலம். விடியற்காலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் தண்ணீரிலிருந்தே முளைத்தது போல நின்றது. பாறை 137 மீட்டர் நீளம்; அகலம் அதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மதிப்பே அந்த இடம்தான்.

மச்சானுடைய வாதம் எளிது. ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல்மைல், சிங்கப்பூரிலிருந்து 24. “எங்க வாசல்ல கிடக்கிற கல்லு எப்படி மாப்பிள்ளை உங்களோடதாகும்?” என்பார். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. முதலில் அது ஜொகூர் சுல்தானகத்தின் சொத்து என்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்புறம் எப்படிக் கைமாறியது என்பதில்தான் கதை.

பிரிட்டிஷார் 1851இல் விளக்கைக் கட்டி முடித்தார்கள். 1953இல் சிங்கப்பூர் காலனி அரசு, இந்தப் பாறை யாருடையது என்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் போட்டார்: ஜொகூர் அரசு இதற்கு உரிமை கோரவில்லை. ஒற்றை வரி. எந்த அலுவலகத்திலும் மேசையைக் காலி செய்வதற்காக எழுதுவோமே, அப்படி ஒரு கடிதம். 54 வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அதைத்தான் வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். சிங்கப்பூர் பராமரிக்கும் இன்னொரு கலங்கரை விளக்கம் மலேசியாவுக்குச் சொந்தமான பூலாவ் பீசாங் தீவில் இருக்கிறது. அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொல்லி 1968இல் மலேசியா கேட்டது, இறக்கிவிட்டார்கள். பெட்ரா பிராங்காவிலும் அதே கொடி பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. 1979 டிசம்பரில் மலேசியா புது வரைபடம் போட்டபோதுதான் தீவு அவர்கள் பக்கம் வந்தது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஆட்சேபித்தது.

அதற்குமேல் என்ன செய்திருக்கலாம்? கப்பற்படையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். பேசிக்கொண்டே இருந்திருக்கலாம், பல வருஷம் அதுதான் நடந்தது. 2003இல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வழக்கை ஹேக்குக்குக் கொண்டுபோனார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் ஏற்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள் பாருங்கள், எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். 2008 மே 23இல் தீர்ப்பு: பெட்ரா பிராங்கா நீதிபதிகளின் வாக்கில் 12க்கு 4 என்று எங்களுக்கு, பக்கத்திலிருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு. அன்றைக்கு மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார்.

அத்தோடு முடியவும் இல்லை. 2017இல் பழைய பிரிட்டிஷ் ஆவணங்களைக் காட்டி மலேசியா மறுஆய்வு கேட்டது. 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் திரும்பப் பெற்றார்கள் என்று விசாரிக்க அங்கே அரச விசாரணை ஆணையமே வைத்தார்கள். அதைப் பற்றி மட்டும் மச்சான் ஒரு தீபாவளி முழுக்கப் பேசினார். அதே 2018 கடைசியில் சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் இரண்டு நாடும் துறைமுக எல்லையை ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டன. அடுத்த ஏப்ரலில் இருவரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை, உட்கார்ந்து பேசினார்கள்.

மிச்சம் சௌத் லெட்ஜ். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை. அது யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவருக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். எல்லைக்கோடு எங்கே என்பதைச் சொல்லவில்லை.

போன தீபாவளிக்குக் கிளம்பும்போது மச்சான் காருக்குள் தலையை விட்டார். “தண்ணி வத்தினா எங்களுக்கு, ஏறினா உங்களுக்கு. சரியா மாப்பிள்ளை?” என்றார். அக்கா பின்னாலிருந்து முறுக்கு டப்பாவை நீட்டினாள். இரு நாட்டையும் இணைக்கும் காஸ்வேயில் மூன்று மணி நேர ஜாம். உட்லண்ட்ஸ் வருவதற்குள் டப்பா காலி.