ஹாமோ வரும் வரை

ஜூன் 12

இரண்டு வருடமாக வாசல் வரை போய்த் திரும்பிய பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடைக்குள் இன்று நுழைந்துவிட்டேன். கியோத்தோவில் தெராமச்சித் தெருவும் நிஜோத் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பழைய மச்சியா வீடு. முகப்பு நாலு மீட்டர்கூட இருக்காது, ஆனால் உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். இப்படிப்பட்ட வீட்டை இந்த ஊரில் 'விலாங்கின் படுக்கை' என்பார்கள். கோடியில் ஒரு குட்டி முற்றம். அதில் ஒரு கல்தொட்டி, பாசி, இன்று மழை. கவுன்டரில் எட்டு இருக்கை, சுவரோரம் இரண்டு மேஜை. கணவர் அடுப்படியில், மனைவி பரிமாறுகிறார். வேறு ஆள் கிடையாது.

ராத்திரிச் சாப்பாடு 9,000 யென். என் சம்பளத்துக்கு வருடத்தில் ஒரு நாள் வேண்டுமானால் போகலாம். மதியம் 2,800. அதே சமையல்காரர், அதே அடுப்பு, அதே வெண்ணெய். பிஸ்த்ரோ என்றாலே சிறிய, எளிய கடை என்றுதான் பொருள். ஜப்பானில் அந்த எளிமை முழுதாக மிஞ்சியிருப்பது மதியச் சாப்பாட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோள சூப்புக்குப் பிறகு அயு கொன்ஃபி வந்தது. அயு ஆற்று மீன், ஒரு சாண் நீளம், வாசனை கொஞ்சம் வெள்ளரிக்காய் மாதிரி. வாத்துக்காலைக் கொழுப்பில் போட்டு மெதுவாக வேகவைக்கும் பிரெஞ்சுக்காரர் முறையை இதற்குச் செய்கிறார்கள். கொதிக்காத எண்ணெயில் மணிக்கணக்காகக் கிடந்து, கடைசியில் தோல் மட்டும் மொறுமொறுப்பாக வாட்டப்படுகிறது. முள்கரண்டி, கத்தியோடு ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கும் வைத்திருந்தார்கள். தலையிலிருந்து வால் வரை அப்படியே தின்னலாம், முள் என்பதே தெரியவில்லை. குடல் பக்கம் லேசாகக் கசந்தது. அந்தக் கசப்புக்காகத்தான் இந்த மீனை வாங்குகிறார்கள்.

கரும்பலகையில் ஹாமோ என்ற கடல் மீன் இருக்கிறதா என்று தேடினேன். "இன்னும் வரவில்லையே" என்றார் சமையல்காரர், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழைக்காலத் தண்ணீரைக் குடித்தால்தான் ஹாமோவுக்கு ருசி ஏறும்." இது அவர் சொந்தச் சொல் இல்லை, இங்கே எல்லாரும் சொல்வதுதான்.

ஜூன் 30

வருடத்தில் பாதி முடியும் நாள். கியோத்தோக்காரர்கள் இன்று மினாசுகி சாப்பிடுவார்கள். வெள்ளையாக, முக்கோணமாக, மேலே சிவப்பு அசுகி பயறு பதித்த அரிசிமாவுப் பலகாரம். முக்கோணம் பனிக்கட்டித் துண்டைக் குறிக்கிறது. பனிக்கட்டி அரண்மனைக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்த காலத்தில், மற்றவர்கள் அதைப் போலச் செய்து சாப்பிட்டார்களாம்.

கடையில் இன்று மதியம் இனிப்பாக முக்கோண ப்ளாமான்ஜ் (பாதாம் போட்ட பிரெஞ்சுப் பால் இனிப்பு) வந்தது, மேலே அதே பயறு. பாதாம் வாசனையும் அசுகியும் இப்படிச் சேரும் என்று நினைத்தே பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பி ஓயா-சானிடம் சொன்னேன். என் வீட்டுக்கார அம்மா, வயது 81. ப்ளாமான்ஜ் அவருக்குச் சரிதான். ஹாமோவை அங்கே வெண்ணெயில் செய்வார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. "ஹாமோவுக்கா? நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்." கியோத்தோவில் இப்படிச் சொன்னால் 'எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம்.

ஜூலை 5

விடுமுறை. நிஜோ கோட்டை வரை நடந்தேன்.

தாய்ஷோ பேரரசர் முடிசூடியது 1915 நவம்பரில், இதே ஊரில். பெருவிருந்து இந்தக் கோட்டையில் நடந்தது. பிரான்ஸில் தொழில் கற்றுத் திரும்பியிருந்த அகியாமா தொகுஸோவுக்கு அப்போது 27 வயது. விருந்துச் சமையல் அவர் பொறுப்பு. சூப்புக்காக ஹொக்கைதோவிலிருந்து உயிரோடு வரவழைத்த நன்னீர் இறால்கள் விருந்துக்கு முன் தொட்டியிலிருந்து காணாமல் போய்விட்டன. தொட்டிக்குள் தொங்கிய துணியைப் பிடித்து ஏறி ஓடியிருக்கின்றன. எல்லாரும் தேடித் தேடிப் பிடித்ததை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெளிநாட்டு விருந்தினர் முன்னால் நாட்டின் மானம் ஒரு கிண்ணம் சூப்பில் இருந்தது! பிரெஞ்சுச் சமையல் இந்த நாட்டுக்குள் அரண்மனை வாசல் வழியாகவும் வந்தது. ஓர் உழைக்கும் மனிதர் 2,800 யென்னுக்கு மதியம் உட்கார்ந்து சாப்பிடும் நிலைக்கு அது இறங்கி வர எத்தனை சமையல்காரர்கள் கடல் தாண்டிப் போய்ப் பாத்திரம் கழுவியிருப்பார்கள் என்று அகழி ஓரம் நின்று யோசித்தேன்.

நம் கடைக்காரரும் பிரான்ஸின் லியோனில் நாலு வருடம் இருந்தவர். முதல் எட்டு மாதம் காய் நறுக்கியது மட்டும்தான் என்றார்.

ஜூலை 11

வந்துவிட்டது.

கரும்பலகையில் கடைசி வரியில் எழுதியிருந்தது. கவுன்டரில் அவருக்கு நேர் எதிர் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஹாமோ கடல் விலாங்கு வகை. முதுகெலும்பை எடுத்த பிறகும் சதைக்குள் மயிர்போல முட்கள் ஏராளமாக இருக்கும், பிடுங்கி எடுக்க முடியாது. அதனால் முள்ளோடு சேர்த்துச் சதையை நறுக்கிவிடுகிறார்கள். ஒரு 'சுன்'னுக்கு, அதாவது மூன்று சென்டிமீட்டருக்கு, 24 வெட்டு என்பது கணக்கு. தோல் மட்டும் அறுபடக் கூடாது. கனமான நீளக் கத்தியை அழுத்தவில்லை, அதன் எடையிலேயே முன்னே தள்ளி இறக்கினார். ஷாரி, ஷாரி, ஷாரி என்று சீராக ஒரு சத்தம். முள் அறுபடும் சத்தம் அது. பேசிக்கொண்டிருந்த மேஜைக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தோல் பக்கம் மட்டும் வாணலியில் பட்டது. நறுக்கிய சதை சூட்டில் சிலிர்த்து, வெள்ளைப் பூ மாதிரி விரிந்தது.

சாஸ் பெர் ப்ளான். எஷலோத் (நம் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய சொந்தம்) பொடியாக நறுக்கி, வெள்ளை ஒயினில் சுண்டவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். வழக்கமாக வினிகர் சேர்ப்பார்கள். இவர் அதற்குப் பதில் உப்பில் ஊறிய உமே (புளிப்பான ஜப்பானியப் பிளம் வகை) காயின் விழுதைச் சேர்த்தார். ஹாமோவுக்கு உமே தொட்டுக்கொள்வது இங்கே பழைய வழக்கம். ஆக, தட்டில் இருந்தது கியோத்தோவின் பழைய ஜோடிதான், நடுவில் வெண்ணெய் மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கமிகாமோவிலிருந்து ஒரு பாட்டி காலையில் வண்டியில் கொண்டுவந்து விற்ற கமோ கத்தரிக்காய், தேங்காய்போல உருண்டை, தடிமனாக அரிந்து வறுத்தது. எண்ணெயைக் குடிக்காமல் சதைப்பற்றாக நின்றது.

முதல் வாயில் புளிப்பு, அப்புறம் வெண்ணெய், அப்புறம் மீனின் இனிப்பு. ரொட்டியால் தட்டைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் ஓயா-சானிடம் ருசியைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அப்பா ஷிதாஷி கடையில் சமையல்காரராம். வீடுகளுக்கும் தேநீர் விடுதிகளுக்கும் சமைத்து அனுப்பும் கடை. ஜூலை மாதம் முழுக்க இவர் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பாராம். "இருபத்து நான்கு வெட்டினாரா? எண்ணினீர்களா?"

எண்ணவில்லை. 24ஆம் தேதிக்கு இரண்டு இருக்கை சொல்லிவைத்தேன்.

ஜூலை 24

காலையில் நானும் ஓயா-சானும் கவாராமச்சி ஓய்கே சந்திப்பில் கியோன் திருவிழாவின் இரண்டாவது தேர் ஊர்வலம் பார்த்தோம். கியோன் திருவிழாவுக்கு ஹாமோ திருவிழா என்றும் ஒரு பெயர் உண்டு. கடலில்லாத ஊருக்கு அந்தக் காலத்தில் கோடையில் உயிரோடு வந்து சேர்ந்த கடல் மீன் அது ஒன்றுதான் என்பார்கள், அவ்வளவு கெட்டி உயிர். தெருவில் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பினார்கள். கப்பல் வடிவத் தேர் கடைசியாக வந்தது. 1864 தீயில் சேதமாகி, 2014ல்தான் ஊர்வலத்துக்குத் திரும்பியது. ஓயா-சான் அதற்குக் கைகூப்பினார். வெயில் தாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கவுன்டரில் உட்கார்ந்தோம். ஓயா-சான் சாப்ஸ்டிக்கைத் தனக்கு நேராக எடுத்து வைத்துக்கொண்டு, கத்தியையும் முள்கரண்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டார். சமையல்காரரின் கத்தி இறங்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். விரல் மேஜையில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்து, "அப்பாவைவிடக் கொஞ்சம் வேகம்" என்றார் சமையல்காரரிடம். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தார்.

தட்டு வந்தது. முதல் துண்டைச் சாஸ் படாத பக்கமாக எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவதைத் தோய்த்து. மூன்றாவது துண்டுக்குப் பிறகு என் ரொட்டிக் கூடையைப் பார்த்து, "இதைப் பிய்த்துத் தொடலாமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். தொடலாம் என்றேன். அவர் துடைத்து முடிப்பதற்குள் கடைக்கார அம்மா இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டார்.