டர்பன்டைனில் செம்புச் சோப்பு: இதுவரை பார்த்தது

ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் உப்புத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் உலோகச் சோப்பு. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் கரையாத இந்தச் சரக்கு டர்பன்டைன் (பெயின்ட் கலக்கும் எண்ணெய்) மாதிரி கரிமக் கரைப்பானில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க ஆசை. நிறம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று செம்பை எடுத்துக்கொண்டேன்.

குளியல் சோப்பைச் சீவி, கேன் தண்ணீரில் சூடாகக் கரைத்து, மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே நீலப்பச்சையாகத் தயிர்போல் திரள்கிறது. துணியில் வடிகட்டி, வடியும் நீரில் நீலம் போகும்வரை கழுவ வேண்டும், கையுறை அவசியம். அந்தக் கழுவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை, கேனில் மூடி வைத்திருக்கிறேன். செம்பு கடல் உயிர்களுக்கு விஷம், நம் வாசலில் இருப்பதோ 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா.

பெரும்பாடு காயவைப்பதில்தான். இந்தக் கடற்காற்றில் வெயில் அடித்தாலும் உள்ஈரம் லேசில் போகாது. அதனால் பாதியை நன்றாகக் காயவைத்து உடனே பாட்டிலில் அடைத்தேன், மீதியை ஈரத்தோடு வைத்தேன். இரண்டையும் தனித்தனியே டர்பன்டைனில் போட்டு, பாட்டில்களை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினேன் (அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும்). காய்ந்தது தெளிவான பச்சையாகக் கரைந்தது, பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. ஈரமானது கலங்கலாகவே நின்று, அப்புறம் அடியில் தண்ணீர் மணிமணியாகத் தங்கியது.

சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. தண்ணீரில் அவை மிசெல் (மூலக்கூறுகளின் சிறு கூட்டம்) ஆகும்போது வால்கள் உள்ளே ஒளியும், தலைகள் வெளியே நிற்கும். டர்பன்டைன் மாதிரி முனைவற்ற (தண்ணீரோடு சேராத எண்ணெய் வகை) கரைப்பானில் எல்லாம் தலைகீழ்: எண்ணெயோடு ஒத்துப்போகிற கொழுப்பு வால்கள் வெளியே விரிய, செம்பும் கார்பாக்சிலேட் எனப்படும் அந்தத் தலைகளும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் சேர்ந்துகொள்ளும். அந்த நடுப்பகுதி கொஞ்சம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், மிஞ்சினால் பிரிந்துவிடும். தண்ணீரில் உருவாகும் மிசெல்களைவிட இவை பொதுவாகச் சிறிய கூட்டங்கள், ஒரு குறிப்பிட்ட செறிவில் திடீரென்று தோன்றும் என்றும் சொல்ல முடியாது. ஆல்கஹால் மாதிரி முனைவுள்ள பொருள் சேர்ந்தால் அது செம்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தளர்த்தும்.

சரி, பாட்டிலில் நான் பார்த்தது கரைந்ததை மட்டுமே, மிசெலுக்கு அது சாட்சியாகாது. செறிவைக் கூட்டிக்கொண்டே போய் பாகுத்தன்மையையோ (கரைசல் ஓடும் கெட்டித்தன்மை) மின்கடத்தலையோ அளந்து, வரைகோடு எங்காவது திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, காய்ந்த சோப்பில் பல செறிவுகளில் கரைசல் செய்து, மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே வடிய எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கப் போகிறேன்.